மருந்தடித்த பிறகு மாட்டை எங்கே கட்டுவது?

எங்கள் வளவுக்குப் பின்னால் கிடக்கும் ஐந்து ஏக்கர் மேய்ச்சல் தரையில் பார்த்தீனியம் பிடித்துவிட்டது என்றும், அதற்குக் களைநாசினி வாங்கப் போகிறேன் என்றும் நான் சொன்னபோது, பக்கத்துக் காணி ஐயா மருந்தின் பெயரையோ விலையையோ கேட்கவில்லை. “அடிச்சுப்போட்டு மாட்டை எங்க தம்பி கட்டப்போறாய்?” என்று மட்டும் கேட்டார். அப்போது என்னிடம் ஐந்து பசுக்கள், நான்கு கன்றுகள், இரண்டு நாம்பன்கள் என்று 11 மாடுகள் நின்றன. காலபோக விதைப்பு முடிந்து வயல்வெளிகள் எல்லாம் அடைபட்டிருந்த காலம் அது. வேறு தரை இல்லை. காட்டோரம் கொண்டு போனால் நாள் முழுவதும் பின்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும். ஆகவே ஐயாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாமலேயே போய் மருந்தை வாங்கி வந்தேன். அதன்பின் நடந்தவற்றையும், அவற்றிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். நெல்லுக்கும் மிளகாய்க்கும் மருந்தடிப்பது பற்றி எழுதவும் சொல்லவும் ஆட்கள் ஏராளம். மாடு மேய்கிற புல்லுக்குள் மருந்தடிப்பது அவற்றிலிருந்து முற்றிலும் வேறான காரியம் என்பதை எனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கனகராயன்குளத்துப் பக்கம் நாங்கள் மீளக் குடியேறிய 2010இல் இந்தக் காணியில் புல் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆளில்லாமல் கிடந்த ஆண்டுகளில் நாயுண்ணியும் ஈச்சையும் ஆளுயரத்துக்குப் பற்றையாகி, வேலி இருந்த இடம் எது, கிணறு இருந்த இடம் எது என்று தெரியாமல் மூடியிருந்தன. டோசர் விட்டுத் துப்புரவாக்கினோம். வெறும் மண் வெளியே தெரிந்த அடுத்த மாரியிலேயே, நாங்கள் கனவு கண்ட அறுகும் கோரையும் வருவதற்கு முன்னர், ஊசித்தகரையும் பார்த்தீனியமும் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. பார்த்தீனியம் இலங்கையில் முதன்முதலாக 1999இல் வவுனியாவில்தான் பதிவு செய்யப்பட்டது. 1980களின் கடைசியில் இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதை வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எப்படி வந்ததோ, ஏ9 வீதியின் இரு கரைகளிலும் அது வடக்கு நோக்கி நடந்து போனதை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. மண் ஏற்றிய டிப்பரும், வயலுக்கு வயல் போகும் அறுவடை மெசினும், வெளியூரிலிருந்து வந்த வைக்கோலும் அதற்கு வாகனமாகின.

பார்த்தீனியத்தின் கெடுதியை மாடு வளர்ப்பவர் இரண்டு வகையில் அறிவார். ஒன்று, அது புல்லை நெருக்கிக் கொல்வது. அதன் வேரிலிருந்தும் விழுந்த இலையிலிருந்தும் கசியும் பொருள் பக்கத்தில் மற்ற விதை முளைப்பதையே தடுக்கிறது. மற்றது, மாட்டின் உடலுக்குள் போவது. புல் நன்றாக இருக்கும் காலத்தில் மாடு அதைத் தொடாது. புல் கட்டையாகிப் போன ஆவணி, புரட்டாதியில், வேறு வழியில்லாமல் புல்லோடு சேர்த்துக் கடிக்கும். பிறகு பாலில் ஒரு கசப்பு வரும். நாயுண்ணி இன்னும் மோசமானது. எங்கள் வெள்ளைப் பசு ஒன்று ஒரு வரட்சியில் நாயுண்ணி இலையைத் தின்று ஈரல் கெட்டுப்போனது. கண்ணின் வெள்ளை மஞ்சளித்தது; மூக்கு நுனி வெடித்தது; வெயில் பட்ட இடமெல்லாம் தோல் காய்ந்த பனையோலை மாதிரி விறைத்து உரிந்து வந்தது. ஈரல் வெளியேற்ற முடியாமல் விட்ட ஒரு பொருள் இரத்தத்தோடு தோலுக்கு வந்து வெயிலில் எரிகிறது, ஆகவே மாட்டை நிழலில் கட்டு என்று கால்நடை வைத்தியர் விளக்கினார். மாமரத்தின் கீழே மூன்று கிழமை கட்டி வைத்து அந்தப் பசுவைக் காப்பாற்றினோம். களை என்றால் புல்லின் இடத்தைத் தின்பது மட்டும் என்று நினைப்பவருக்காகவே இதைச் சொல்கிறேன். மேய்ச்சல் தரையில் களையை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒருநாளும் இரண்டாவது எண்ணம் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்துக் கடைகளில் இதற்கென்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகை மருந்துகளின் பெயர்தான் வரும். ஒன்று எம்சிபிஏ, அகன்ற இலைச் செடிகளைக் கொன்று, புல்லையும் நெல்லையும் விட்டுவைப்பது. மற்றது கிளைபோசேட், பச்சையாக இருக்கும் எதன் இலையில் பட்டாலும் உள்ளே இறங்கி வேர்வரை போய்க் கொல்வது. முந்திய தலைமுறைக்குப் பழக்கமான பரகுவாட்டை 2008 தொடக்கம் படிப்படியாக நிறுத்தி, சில ஆண்டுகளில் முற்றாகத் தடை செய்தார்கள். கிளைபோசேட்டின் கதை நீண்டது. சிறுநீரக நோய்ப் பயத்தினால் 2015இல் நாடு முழுவதும் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021இல் எல்லா விவசாய இரசாயனங்களின் இறக்குமதியையும் ஒரே அடியாக நிறுத்திச் சில மாதங்களில் பின்வாங்கினார்கள். 2022இல் கிளைபோசேட் தடை நீங்கியது. வவுனியாவிலும் அந்தச் சிறுநீரக நோயாளர் இருக்கிறார்கள். அதன் மூல காரணம் இந்த மருந்துதான் என்று இன்றுவரை நிறுவப்படவுமில்லை. ஆனால் தடைக் காலத்தில் நான் கண்ட ஒன்று உண்டு. சட்டப்படி கிடைக்காத பொருள் லேபல் இல்லாத போத்தலில், மும்மடங்கு விலையில், என்ன செறிவு என்று விற்பவருக்கே தெரியாமல் கைமாறியது. பொறுப்பாகப் பயன்படுத்துவது என்பதற்கு முதல் நிபந்தனையே லேபல் உள்ள, உடைக்காத போத்தல் என்பதால், அந்த ஆண்டுகளில் கத்தியும் மண்வெட்டியும் எவ்வளவோ மேல்.

லேபலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வாங்கி வந்த எம்சிபிஏ போத்தலில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எல்லாம் இருந்தது: எவ்வளவு கலப்பது, எந்தக் களைக்கு, விதைத்து எத்தனை நாளில், விழுங்கிவிட்டால் என்ன செய்வது. ஆனால் பயிர் என்ற இடத்தில் நெல் என்று மட்டுமே இருந்தது. மேய்ச்சல் தரை என்ற சொல்லே இல்லை. அதாவது, அடித்த புல்லை மாடு எத்தனை நாளுக்குத் தின்னக் கூடாது, பால் கறக்கும் பசுவுக்கு எவ்வளவு, இறைச்சிக்குப் போகும் நாம்பனுக்கு எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அந்தப் போத்தலில் பதில் இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் மாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை செய்யும் என் மைத்துனர், அங்குள்ள எம்சிபிஏ லேபலைப் படமெடுத்து அனுப்பினார். அடித்து 7 நாட்களுக்கு மேய்க்கவோ தீவனத்துக்கு அறுக்கவோ கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. அங்கே மேய்ச்சல் தரையும் ஒரு பயிர் என்பதால் லேபலில் அதற்கு இடம் இருக்கிறது. இங்கே அது பயிர் வகையிலேயே சேர்வதில்லை. காணி உறுதியிலும் இல்லை, கமநல சேவை நிலையத்தின் படிவத்திலும் இல்லை, போத்தலிலும் இல்லை. லேபலில் இல்லாத பயன்பாட்டுக்கு ஒரு மருந்தை எடுப்பது தவறு என்று இன்று எனக்குத் தெரியும். அன்று, நெல்லும் புல்லும் ஒரே சாதிதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மாட்டை மறித்து வைக்க வேண்டியதற்கு மருந்தின் எச்சம் மட்டும் காரணமில்லை. பலர் அறியாத இன்னொரு காரணமும் இருக்கிறது. எம்சிபிஏ வகை மருந்து பட்ட செடி உடனே சாவதில்லை. முறுகி, நெளிந்து, வாடி, இரண்டு மூன்று கிழமை எடுத்துச் சாகும். அந்த வாடும் காலத்தில் சில நச்சுச் செடிகளின் கசப்புக் குறைந்து இனிப்புக் கூடுகிறது. சிலவற்றில் நைத்திரேற்றும் சேர்கிறது. பச்சையாக நின்றபோது மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போன செடியை, மருந்தடித்த பிறகு தேடிப் போய்த் தின்னும். ஆகவே 7 நாள் என்று எழுதியிருந்தாலும், தரையில் நச்சுக்களை இருந்தால் அது கருகி உதிரும்வரை மாடு உள்ளே போகக் கூடாது. நான் 21 நாள் என்று வைத்தேன். ஐந்து ஏக்கரையும் ஒரே நாளில் அடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, கதியால் நட்டு, முட்கம்பி இழுத்து, தரையை நான்காகப் பிரித்தேன். ஒன்றில் மருந்து, மற்ற மூன்றில் மாடு. ஐயாவின் கேள்விக்கு மூன்று மாதம் பிந்தி நான் கொடுத்த பதில் அந்த வேலிதான். மருந்துக்குச் செலவழித்ததைப் போலப் பல மடங்கு கம்பிக்குப் போயிற்று.

வேலி போடுவதற்கு முன்னரே ஒரு பிழை நடந்துவிட்டது. எம்சிபிஏ அடிக்க என்னிடம் தெளிகருவி இல்லாததால் ஐயாவிடமே இரவல் வாங்கினேன். மேற்கு மூலையில் அரை ஏக்கருக்கு அடித்துவிட்டு, தாங்கியை ஒரு தரம் கழுவி ஊற்றி, மாலையில் கொண்டு போய்க் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து அவர் அதே தாங்கியில் தன் மிளகாய்க்குப் பூச்சிமருந்து அடித்திருக்கிறார். அடுத்த கிழமை ஒருநாள் காலையில் நான் எழும்பிப் போனபோது எங்கள் படலையில் ஒரு மிளகாய்க் கன்று, வேரும் மண்ணுமாகச் செருகி வைத்திருந்தது. குருத்து இலைகள் அகலமே இல்லாமல் நூல் மாதிரி நீண்டு சுருண்டிருந்தன. தண்டு ஒருபக்கமாக முறுக்கியிருந்தது. பூ இருந்த இடத்தில் தடித்த ஒரு கட்டி. அவர் வைரஸ் என்று நினைக்கவில்லை என்பது அந்தக் கன்றை எங்கள் படலையில் வைத்ததிலிருந்தே தெரிந்தது. நான் போய் நின்றபோது, “மெசினைக் கழுவினனியோ?” என்று கேட்டார். “ஒருக்கா கழுவினனான் ஐயா” என்றேன். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நட்டத்தைக் கொடுத்தேன், வாங்க மறுத்தவரிடம் பிறகு மனைவி மூலம் கொடுத்தனுப்பினேன்.

மிளகாய், தக்காளி, வெண்டி, பப்பாசி போன்றவற்றுக்கு இந்த வகை மருந்தின் ஒரு துளி போதும். தாங்கியின் அடியில், குழாயின் உள்ளே, இறப்பர் வளையத்தின் இடுக்கில் ஒட்டியிருப்பது ஒரு கழுவலில் போகாது. மூன்று தரம் நீரால் கழுவி, ஒவ்வொரு தரமும் நொசில் வழியாகவே வெளியேற்றி, பிறகு சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி ஓர் இரவு வைத்து, மறுநாள் மறுபடி கழுவ வேண்டும். அந்தக் கழுவல் நீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல், மருந்தடித்த அதே தரையிலேயே விசிற வேண்டும். இப்படியெல்லாம் செய்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. களைநாசினிக்கென்று தனியாக ஒரு தெளிகருவி வாங்கி, தாங்கியில் சிவப்புப் பெயின்றால் பெரிய புள்ளடி போட்டு வைத்திருக்கிறேன். அதை நான் எவருக்கும் இரவல் கொடுப்பதில்லை, ஐயாவுக்கும் கொடுப்பதில்லை. அவர் கேட்டதுமில்லை.

அளவு விடயத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான். “ஒரு தாங்கிக்கு இரண்டு மூடி” என்று கடையில் சொல்வார்கள். ஒரு போத்தலின் மூடி 20 மில்லிலீற்றர் பிடிக்கும், இன்னொன்றின் மூடி 30 பிடிக்கும். லேபல் ஏக்கருக்கு இவ்வளவு என்று சொல்கிறது. ஏக்கருக்கு எத்தனை தாங்கி போகிறது என்று அளந்து பார்த்தவர் எங்கள் குறிச்சியில் எவருமில்லை. அதை அளப்பது அரை மணித்தியால வேலை. நான் 10 மீற்றருக்கு 10 மீற்றர் என்று நான்கு முளை அடித்து, தாங்கியில் வெறும் தண்ணீர் 6 லீற்றர் அளந்து ஊற்றி, வழக்கமாக நடக்கும் நடையில் அந்தச் சதுரம் முழுவதும் விசிறினேன். மிச்சத்தை அளந்தபோது 2 லீற்றர் இருந்தது. ஆகவே சதுரத்துக்கு 4 லீற்றர். ஏக்கர் என்பது ஏறத்தாழ 40 சதுரம். எனவே எனக்கு ஏக்கருக்கு 160 லீற்றர், அதாவது 16 லீற்றர் தாங்கியில் 10 தாங்கி. லேபல் ஏக்கருக்கு 1 லீற்றர் என்று சொன்னால் தாங்கிக்கு 100 மில்லிலீற்றர். அதே சதுரத்தை, என்னைவிட வேகமாக நடக்கும் தம்பியிடம் கொடுத்தேன்; அவனுக்கு 3 லீற்றர்தான் போயிற்று. என் கணக்கில் கலந்த தாங்கியை அவன் தூக்கிக்கொண்டு போனால் ஏக்கருக்கு முக்கால் லீற்றர் மருந்துதான் விழும். களை சாகாது, அரைகுறையாகத் தப்பியவை விதை போடும். பிறகு மருந்து போலி என்று கடைக்காரரைத் திட்டுவோம். ஒரே வகை மருந்தையே ஆண்டாண்டாக அடித்து, தப்பியவற்றையே விதைக்க விட்டதால், கிளைபோசேட்டுக்குச் சாகாத பார்த்தீனியம் கொலம்பியாவில் உருவாகியிருக்கிறது.

தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். குளத்துக் கலங்கல் நீரில் கிளைபோசேட்டைக் கலப்பது பாதி மருந்தைச் சேற்றுக்கு ஊட்டுவதற்குச் சமம். களித் துகள் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. மண்ணில் விழுந்ததும் அது செயலிழப்பதற்கும் அதே குணம்தான் காரணம். வன்னியில் பல குழாய்க்கிணறுகளின் நீர், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும் கடின நீர். அதில் உள்ள கல்சியமும் அந்த மருந்தைக் கட்டிப்போடும். நான் மாரியில் பீலியடியில் பிடித்து வைக்கும் மழைநீரைத்தான் கலக்கிறேன். தூசி படிந்த இலையிலும், வரட்சியில் வாடி நிற்கும் செடியிலும் அடிப்பது வீண். செடி தழைத்து வளர்கிற நேரத்தில்தான் மருந்து வேருக்கு இறங்கும். எங்களுக்கு அந்த நேரம் ஐப்பசி கார்த்திகையில் மழை ஓய்ந்து நிற்கும் இரண்டொரு நாட்கள். அடித்து ஆறு மணித்தியாலமாவது மழை பெய்யக் கூடாது என்பதால், அந்த நாட்களில் நான் கிழக்கு வானத்தைப் பார்த்தபடியே இருப்பேன். சோளகக் காலத்தில் திறந்த வெளியில் அடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. அந்தக் காற்று மருந்தை இரண்டு காணி தாண்டிக் கொண்டு போகும். ஆனால் இலை அசையாத, பனி மூட்டம் படிந்த தை மாத விடியலும் நல்லதல்ல. நுண்ணிய துளிகள் நிலத்தில் இறங்காமல் மூட்டத்தோடு மிதந்து, வெயில் ஏறும்போது நினையாத இடத்தில் போய் இறங்கும். இலை மெல்ல அசையும் காற்று, போகிற திசையில் பயிர் இல்லை என்ற நிச்சயம், முழங்கால் உயரத்தில் பிடித்த நொசில், பெரிய துளி. இவ்வளவும் சேர்ந்து வரும் காலைகள் ஒரு மாரியில் ஐந்தாறுதான் கிடைக்கும்.

இத்தனைக்கும் பிறகு, பரவலாக விசிறுவதையே நான் விட்டுவிட்டேன். எம்சிபிஏ அடித்த அந்த அரை ஏக்கரில் பார்த்தீனியம் செத்தது உண்மை. கூடவே சிறுபுள்ளடியும் செத்தது. நிலத்தோடு ஒட்டிப் படரும் அந்தச் சிறு செடி அவரையினம்; நைதரசனை மண்ணுக்குக் கொண்டுவருவது; மாடு விரும்பித் தின்பது. அகன்ற இலையைக் கொல்லும் மருந்துக்கு அதுவும் அகன்ற இலைதான். அடுத்த மாரியில் அந்த மூலையில் புல் வெளிறி நின்றது.

இப்போது கிளைபோசேட்டை நான் எடுப்பது நாயுண்ணித் தூருக்கு மட்டும். வெட்டினால் நான்கு மடங்காகத் துளிர்க்கும் செடி அது. தோண்டினால் பாதி வேர் நின்றுவிடும். ஒருவர் வெட்ட, ஒருவர் பூசுவதாக இரண்டு பேர் வேண்டும். காட்டுக்கத்தியால் நிலத்திலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரே வெட்டாக, தும்பு பிரியாமல் தண்டை அறுக்க வேண்டும். வெட்டு வாயில் நீர் கசியும் அந்தக் கணத்திலேயே, பழைய பெயின்ற் தூரிகையால், லேபலில் உள்ள செறிவில் கலந்த மருந்தை வெட்டுமுகத்தின் ஓரம் முழுவதும், பட்டைக்குக் கீழே பச்சையாகத் தெரியும் வளையத்தில், பூச வேண்டும். வெட்டிக் குவித்துவிட்டுத் தேநீர் குடித்து வந்து பூசினால், தண்டு வாயை மூடிக்கொண்டிருக்கும்; பூசியது வெறும் நீலச் சாயம். (கலவையில் ஒரு சொட்டுத் துணி நீலம் விடுவேன், பூசிய தூர் எது, விட்ட தூர் எது என்று தெரிவதற்காக.) 80 தூருக்கு அரை லீற்றர் கலவை கூடப் போகவில்லை. பக்கத்தில் நிற்கும் புல்லில் ஒரு துளியும் படவில்லை. வெட்டிய கிளைகளை அன்றைக்கே இழுத்து வேலிக்கு வெளியே போட்டுவிடுவோம். வாடிய நாயுண்ணி இலைக்கும் நஞ்சு குறைவதில்லை.

பூசுகிறவருக்குக் கையுறையும் சப்பாத்தும் நீளக்கை உடுப்பும் வேண்டும் என்று எழுதுவது எளிது. எங்கள் பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஈரப் புல்லுக்குள் நடந்தபடி அடிப்பதுதான் வழக்கம். வியர்வையும் புழுக்கமும் தாங்க முடியாது என்பது உண்மை. ஆகவே விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்கு நிறுத்துகிறேன். அடிக்கும்போது படுவதைவிடக் கலக்கும்போது படுவதே ஆபத்து. தாங்கியில் இருப்பது நூறு பங்கு நீரில் ஒரு பங்கு. மூடியைத் திறக்கும் கையில் படுவது முழுச் செறிவு. போத்தல்கள் என் வீட்டில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில், மாட்டுத் தீவனத்துக்கும் சமையலறைக்கும் தூரத்தில் இருக்கின்றன. சாவி என்னிடம் மட்டும். இந்த நாட்டில் ஒரு கோபத்தில், ஒரு மனமுறிவில், கைக்கெட்டிய தூரத்தில் இருந்த போத்தலால் போன உயிர்கள் எத்தனை என்பதை இழவு வீடுகளுக்குப் போன எவரும் அறிவர். கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அலசிய நீரைத் தாங்கியிலேயே ஊற்றி, அடியில் ஆணியால் துளைத்துவிடுவேன். துளைக்காவிட்டால் அதில் மண்ணெண்ணெயோ, சில வீடுகளில் பாலோ, வந்து சேரும்.

இதுவரை சொன்னதெல்லாம் வேலி அடைத்த சொந்தக் காணிக்கு. பொதுத் தரைக்கு, குளத்தின் மேய்ச்சல் ஓரத்துக்கு, வீதிக்கரைக்குத் தனியாள் ஒருவர் களைநாசினி அடிப்பதை நான் எதிர்க்கிறேன். எங்கள் குளத்து அலைகரையில் பார்த்தீனியம் மண்டியபோது, ஊரில் இரண்டு இளைஞர்கள் நல்லெண்ணத்தோடு மருந்து வாங்கி வந்தார்கள். கட்டாக்காலி மாடுகளுக்கு 21 நாள் என்றால் என்ன என்று எவர் சொல்வது? பட்டிக்காரர் ஒருவர் நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஓட்டி வருகிறார். அவருக்கு நேற்று அடித்தது தெரியாது. அலைகரையில் விழுவது முதல் மழைக்குக் குளத்துக்குள் இறங்கும். எங்கள் பக்கத்து நீரெல்லாம் கனகராயன் ஆற்றோடு கடைசியில் இரணைமடுவுக்குத்தான் போகிறது. விவசாயப் போதனாசிரியரிடம் பேசி, மருந்தை நிறுத்தி, மழை பெய்து மண் இளகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் கையுறையோடு பிடுங்கினோம். பூக்காத செடி வேரோடு வரும். கையில் சாறு படாமல் பார்த்துக்கொண்டால் போதும், சிலருக்கு அந்தச் செடி சொறியையும் இழுப்பையும் கிளப்பும். பூத்ததைப் பிடுங்கும்போது உரப்பையில் போட்டுக் கட்ட வேண்டும், இல்லையேல் பிடுங்கியவரே விதைத்தவராகிவிடுவார். பெரிய செடி ஒன்று 15,000 விதைகளுக்கு மேல் போடும். ஆலோசனை கேட்க விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது. நான் இரண்டு தரம் எடுத்திருக்கிறேன், இரண்டு தரமும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

மைத்துனர் சொன்ன இன்னொரு விடயத்தால் எனக்குப் பல நாள் நித்திரை வரவில்லை. வெளிநாடுகளில் மேய்ச்சல் தரைக்கென்றே உள்ள சில களைநாசினிகள், பிக்லோராம், அமினோபைரலிட் போன்றவை, புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போய், மாட்டுக்கு ஒன்றும் செய்யாமல், சாணத்திலும் சிறுநீரிலும் அப்படியே வெளியே வருகின்றன. அந்த எருவைப் போட்ட தோட்டத்தில் பயற்றையும் தக்காளியும் முளைத்த கையோடு சுருண்டு போகும். மாட்டெருவை நம்பித் தோட்டம் செய்கிற எங்களுக்கு இதைவிடப் பெரிய இடி இல்லை. மேய்ச்சல் தரைக்குச் சிறந்த வெளிநாட்டு மருந்து என்று எவராவது எதையாவது கொண்டு வந்தால், முதலில் எருவுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். சந்தேகமான எருவைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மண்ணோடு கலந்து மூன்று சட்டியில் போட்டு, கலக்காத மண்ணை இன்னும் மூன்று சட்டியில் போட்டு, எல்லாவற்றிலும் பயற்றை ஊன்றி மூன்று கிழமை பாருங்கள்.

நான்கு பிரிவாக வேலி அடைத்தது மருந்துக்காகத்தான். ஆனால் களையைக் குறைத்ததில் பெரும் பங்கு அந்த வேலிக்கே போகும் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு பிரிவில் மாடு ஒரு கிழமைக்கு மேல் நிற்பதில்லை. புல் ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது விட்டு, நான்கு விரலுக்குக் கீழே கடிக்க முன்னர் மாற்றிவிடுகிறோம். மாரியில் மூன்று கிழமை ஓய்வு கிடைக்கும் தரையில் அறுகு நிலத்தை மூடிவிடுகிறது. பார்த்தீனிய விதைக்கு வெளிச்சம் படுவதில்லை. செத்த களையின் இடம் வெறுமையாகக் கிடந்தால், அதில் முதலில் வருவது மறுபடியும் களைதான். ஆகவே மருந்து பட்ட ஒவ்வொரு சொட்டையிலும் கினிப்புல் வேர்த்துண்டு ஊன்றுகிறோம். கோடையில் புல் காணாமல் போகும் இரண்டு மாதத்துக்குக் கதியாலாக நட்ட கிளிரிசிடியா இலையும், கிணற்றடியில் போட்ட கோ-3 புல்லும் கைகொடுக்கின்றன. மாடு பசியோடு நிற்காவிட்டால் நாயுண்ணிப் பக்கம் போவதில்லை.

சென்ற மாரியில் நான்கு பிரிவையும் நடந்து பார்த்து, பார்த்தீனியத்தை எண்ணிக்கொண்டே கையால் பிடுங்கினேன். மேற்கு மூலையில்தான் அதிகம். எம்சிபிஏ அடித்த அதே அரை ஏக்கர். அங்கே மட்டும் ஒரு உரப்பை நிறைந்தது. ஐயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் கன்றுத்தாச்சிப் பசுவை ஒரு மாதத்துக்கு எங்கள் கிழக்குப் பிரிவில் விடலாமா என்று கேட்டார். அதற்குள் கடைசியாக எப்போது மருந்து பூசினேன் என்று அவர் கேட்க முன்னரே, அதை எழுதி வைக்கும் கொப்பியை எடுத்து வந்து திகதியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திகதியையும் தூர்களின் எண்ணிக்கையையும் வாசித்துவிட்டு, “வெள்ளிக்கிழமை கொண்டு வாறன்” என்றார்.